மாமா நடந்தே போன ஏர்போர்ட்

நடக்க முடியாத சொந்தக்காரரை ஏர்போர்ட் வழியாகக் கூட்டிக்கொண்டு போவது ஒரு தனி உத்தியோகம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, ராஜினாமா கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் பாஸ்போர்ட், இன்னொரு கையில் அவர் கை, தோளில் மாத்திரைப் பை. மீதிப் பேருக்கும் ஒருநாள் ஆர்டர் வரும், கவலைப்படாதீர்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜாக்கெட் தைக்கிறவள். பேர் அமுதா. இந்த வேலையில் என்னைச் சேர்த்தவர் எங்க மாமா, அதாவது என் வீட்டுக்காரரைப் பெற்றவர். வாதம் வந்து அவருடைய வலது கையும் வலது காலும் பாதி போய்விட்டன. அவருக்கு ஒரே பெண், என் நாத்தனார் மலர். கல்யாணமாகி சிங்கப்பூர் போனவள். வயிற்றில் புற்றுநோய் வந்து, இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "அப்பாவ ஒரு தடவ பாத்துடுறேன் அண்ணி" என்று போனில் கேட்டாள். என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. மலரின் பிரசவத்துக்கு நான் போய் வந்திருந்ததால் என்னிடம் இருந்தது. அப்படித்தான் வேலை என் தலையில் விழுந்தது.

சிதம்பரத்தில் டிக்கெட்

கடலூரில் டிக்கெட் போட ஆயிரம் இடம் இருக்கிறது. மாமாவுக்கு ஆகாது. அவரை அந்தக் காலத்தில் மஸ்கட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜெண்டின் மகன் சிதம்பரம் மேலவீதிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். அங்கேதான் போடணும் என்று ஒரே பிடி. பஸ்ஸில் போனோம். கடைக்காரர் பேரெல்லாம் அடித்துவிட்டு, கடைசியில் எங்களை நிமிர்ந்து பார்த்து, "பெரியவருக்கு வீல்சேர் போட்டுடவா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கு அடியில் என் கால் மேல் மாமாவின் கைத்தடி ஏறி நின்றது. சும்மா இல்லை, அழுத்தி நின்றது.

"வேணாங்க" என்று சொன்னேன். சொன்னது நான்தான். கம்பு அவருடையதாக இருக்கலாம், வாய் என்னுடையது. வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சண்டை போட்டேன். அவர் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வண்டில ஒக்காந்துட்டுப் போனா அன்ஃபிட்னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிடுவானுங்கம்மா. ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அன்ஃபிட்

நம்ம பக்கத்தில் வெளிநாடு போனவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் உங்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. மாமா கம்மாபுரத்துக்காரர். முதல் தடவை மஸ்கட்டுக்குக் கிளம்பினபோது தெருவே மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டதாம். பம்பாயில் மெடிக்கல். எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஏதோ பழைய தழும்பு தெரிந்தது என்று பேப்பரில் 'அன்ஃபிட்' என்று குத்திக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு எப்படித் திரும்புவது? நெய்வேலியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாசம் ஒளிந்து உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் வேறொரு வருஷம் பாஸாகிப் போனார், பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தார், வீடு கட்டினார், மலருக்குக் கல்யாணம் செய்தார். ஆனால் அந்த முத்திரை அவர் மனசிலிருந்து போகவில்லை. ஏர்போர்ட் என்றால் அவருக்கு உடம்பைப் பார்க்கிற இடம்.

"இது வேலை விசா இல்ல மாமா, பொண்ணப் பாக்கப் போறோம், யாரும் சட்டையக் கழட்டச் சொல்ல மாட்டாங்க" என்று நானும் சொன்னேன், என் வீட்டுக்காரரும் சொன்னார். கேட்டால்தானே. விசா வந்த நாளிலிருந்து விடியக்காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். வேட்டியை விட்டுப் பேண்ட் போட ஆரம்பித்தார். மூடிப்போன வலது கை வெளியே தெரியக் கூடாதாம், அதைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளணும். அவரால் வைக்க முடியாது, தினமும் நான்தான் கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவேன். பாதம் தொங்காமல் இருக்கப் பிசியோதெரபி அம்மா கொடுத்த பிளாஸ்டிக் தாங்கியைக் காலில் மாட்டி, அதன் மேல் ஷூவைப் போட்டு, மரத்துக்கு மரம் நடப்பார். நான் பின்னாலேயே போவேன். எனக்கு எரிச்சலாகத்தான் வரும், அதே நேரத்தில் அழுகையும் வரும். நடைப்பயிற்சிக்கு வருகிற ஒரு ரிட்டையர்டு வாத்தியார் தினம் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் கேட்டார்: "மிலிட்டரி செலக்ஷனுக்கா போறாரு ஒங்க மாமனாரு?"

கவுண்டர்

மதியம் பன்னிரண்டு மணி விமானம். விடிந்தும் விடியாமலும் கார் எடுத்து, திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தி, ஒன்பதுக்கெல்லாம் மெட்ராஸ் ஏர்போர்ட் வந்துவிட்டோம். டீக்கடையில் மாமா டிரைவரோடு பாத்ரூம் போனார், வர நேரமாச்சு. வயசானவர் என்று நானும் விட்டுவிட்டேன். காரிலிருந்து இறங்கி நடக்கும்போது கால் தரையில் இழுத்தது. நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்த மரமரப்பு என்று நினைத்தேன். பெட்டியைப் போடுகிற கவுண்டரில் ஒரு சின்னப் பெண். மாமா சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள். "சாருக்கு வீல்சேர் அரேஞ்ச் பண்ணட்டுமா?" என்று அவளாகவே கேட்டாள். சாமி வந்து வரம் கொடுத்தது போல இருந்தது எனக்கு. மாமா நிமிர்ந்தார். மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் பேசின இங்கிலீஷ் அத்தனையும் திரண்டு வந்தது: "நோ மேடம். ஐ ஆம் ஃபுல் ஃபிட்."

வரிசை

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற இடத்தில் பெரிய கூட்டம். கயிறு கட்டி வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் விழுவார்கள், அனுபவஸ்தர்கள் கவனியுங்கள். உட்கார இடம் கிடையாது, வெளியே போனால் திரும்ப முதலிலிருந்து. மாமா கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். முக்கால் மணி நேரம். "பாத்ரூம் போகணுமா மாமா?" என்று இரண்டு தடவை கேட்டேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை கேட்கும்போது நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து பார்த்தேன். பேண்டின் ஒரு கால் முழுக்க நனைந்திருந்தது.

என் உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அவருக்காகவா எனக்காகவா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மாத்துப் பேண்ட் பெட்டிக்குள் போய்விட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற பரங்கிப்பேட்டை அம்மா ஒருத்தர், முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டே, தன் பையிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து என் கையில் திணித்தார். என் காதோடு சொன்னார்: "எங்க வாப்பாவுக்கும் இப்படி ஆயிருக்கும்மா. இடுப்புல சுத்தி விடு, யாரும் பாக்கல."

தாங்கி எங்கே

முத்திரை வாங்கி, சோதனையெல்லாம் தாண்டி, அவரை ஊனமுற்றோர் கழிவறைக்குள் கூட்டிப்போய்க் கழுவிவிட்டேன். மருமகள் மாமனாருக்குச் செய்கிற வேலையா என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஷூவைக் கழற்றினேன். தாங்கி இல்லை. "எங்க மாமா?" என்றேன். பெட்டியில் என்றார். திண்டிவனத்தில் டிரைவரை விட்டுக் கழற்றி, பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். சோதனையில் ஷூவைக் கழற்றச் சொன்னால் பிளாஸ்டிக் தெரிந்துவிடுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கேட்டுவிட்டேன். அங்க ஒருத்தி உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு கெடக்கா, ஒங்களுக்கு கெத்து கேக்குதா என்றுகூடக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேண்டைத் துண்டால் ஒற்றி எடுத்து மாட்டிவிட்டு வெளியே வந்தோம். எங்கள் கேட் கடைசிக் கோடியில். தாங்கி இல்லாத பாதம் தொங்கித் தொங்கித் தடுக்கியது. பத்து அடிக்கு ஒரு தூணைப் பிடித்து நின்றார். தோளைப் பிடிங்க என்றால் பிடிக்க மாட்டேன் என்றார். போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டிருந்தார்கள். பேரைச் சொல்லித் தேடினார்களாம், நாங்கள் கழிவறையில் இருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. கவுண்டரில் பார்த்த அதே பெண் அங்கேயும் நின்றாள். கெஞ்சினேன். மலரைப் பற்றிச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது, ஆனால் மூடினது மூடினதுதான். மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "காலைல கேட்டேனே சார். ஒரு வார்த்தை சரின்னு சொல்லியிருந்தா நாங்களே கொண்டாந்து சீட்டுல ஒக்கார வச்சிருப்போமே."

முத்திரை

விமானத்தை விட்டவர்களை அப்படியே வெளியே அனுப்பிவிட மாட்டார்கள். வந்த வழியே திரும்பக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டில் குத்தின முத்திரை மேலேயே, அது செல்லாது என்று இன்னொரு முத்திரை குத்துவார்கள். எனக்கும் தெரியாது, அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆபீசர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை, அவர் வேலையைச் செய்தார். மாமா பாஸ்போர்ட்டை இடது கையில் வாங்கி, அந்தப் பக்கத்தைத் திருப்பி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் காட்டினார்: "கடைசில அடிச்சிட்டானுங்க பாத்தியாம்மா."

மலரின் போன்

அடுத்த நாள் மதியத்துக்குத்தான் இடம் கிடைத்தது. பல்லாவரத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். பெட்டி திரும்பி வந்திருந்தது. திறந்ததும் தாங்கிதான் கண்ணில் பட்டது, எடுத்து ஜன்னலில் வைத்தேன். சாயங்காலம், நாங்கள் சிங்கப்பூரில் இறங்கியிருக்க வேண்டிய நேரத்துக்கு, மலரே கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். குரல் மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாகப் பேசினாள். "அப்பா திட்டு வாங்குனாரா ஒங்ககிட்ட?" என்று கேட்டுச் சிரித்தாள். போனை மாமாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்கு நேரில் பேசிக்கொள்வாராம். நான் மலரிடம் அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன். இந்த உத்தியோகத்தில் நான் சொன்ன பொய்களில் என்னைத் தூங்கவிடாதது அதுதான். அவள் சொன்னது: "எழுப்பாதீங்க அண்ணி. அவர அவசரப்படுத்தாம கூட்டியாங்க, நான் இருக்கேன்."

திட்டக்குடிக்காரர்

மறுநாள் வாசலிலேயே நான் வீல்சேர் கேட்டேன். மாமா உட்கார்ந்தார். தள்ள வந்தவருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயசு இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார், கடலூர் என்றேன், அவர் திட்டக்குடி என்றார். "நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதுல ஒக்காரக் கௌரவம் ஜாஸ்திம்மா. எங்க அப்பாவே ஒக்கார மாட்டேன்னுட்டாரு, தள்ளுறது நான்தான்னு தெரிஞ்சும்" என்று பேசிக்கொண்டே போனார். வரிசை இல்லை. எங்களுக்கென்று தனி வழி. முத்திரை குத்துகிற ஆபீசர் எழுந்து எட்டிப்பார்த்து, மாமாவின் முகத்தைச் சரிபார்த்து, குத்திக் கொடுத்தார். யாரும் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. முந்தின நாள் தூண் தூணாக நின்ற வழியை ஒரே மூச்சில் தாண்டிவிட்டோம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கேட்டுக்கு முன்னால் இருந்தோம். மாமா சுற்றிலும் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இவ்வளவுதானாம்மா?"

அங்கே

சிங்கப்பூரில் இறங்கினதும் வாசலிலேயே நாற்காலியோடு ஆள் நின்றது. பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் மிஷினில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். மாமாவின் வலது கை திறக்கவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன், பிரித்த விரல் திரும்ப மூடிக்கொண்டது. ஆபீசர், தமிழர்தான், "மெதுவா அங்கிள், அவசரமில்ல" என்று சொல்லி இடது கையை வைக்கச் சொன்னார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலருக்கு அன்றைக்குக் காலையில் மூச்சு முட்டி, வாயில் குழாய் போட்டு மிஷினில் வைத்துவிட்டார்கள். கண் மூடியிருந்தது.

மாமா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார். இடது கையால் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து தானே இழுத்து எடுத்தார். அதுவரைக்கும் நான்தான் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மூடின கையை மலரின் கை மேல் வைத்து, "மலரு, அப்பா வந்துட்டேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அங்கே வேலை பார்த்த தமிழ் நர்ஸ் ஒருத்தி என் தோளைத் தொட்டு, மணியைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "நேத்து இந்நேரம் நல்லா பேசிக்கிட்டு இருந்தாங்கம்மா."

திரும்பும்போது

மூன்றாம் நாள் மலர் போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை. காரியமெல்லாம் முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினோம். மாமா வேட்டி கட்டிக்கொண்டார், பாக்கெட் இல்லாத வேட்டி. கை வெளியே தொங்கியது. தாங்கியை வேட்டிக்குக் கீழே எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டியிருந்தார். நான் கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இருந்தவர் இன்னும் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. மாமா கைத்தடியை ஊன்றி இரண்டு அடி முன்னால் வந்து, தமிழிலேயே, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு நடக்க வராது. ஒரு வண்டி போட்டுடுங்க."

இந்த உத்தியோகத்துக்குப் புதுசாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: டிக்கெட் போடுகிறவர் கேட்கிற அந்த ஒரு கேள்விக்கு, மேசைக்கு அடியில் உங்கள் கால் மேல் எந்தக் கம்பு ஏறி நின்றாலும், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.