எந்த நோட்புர்கா?

சென்ற மாதம் ஒரு காலையில், கோல்டிங் கத்தோலிக்கக் கோவிலின் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்து, நோட்புர்கா இறந்துவிட்டார் என்று சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு, "எந்த நோட்புர்கா?" என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். டென்மார்க்கில் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய வீடு, நான் அறிந்தவரை, எங்கள் வீடு ஒன்றுதான். என் மகளின் பெயரும் நோட்புர்கா. முதியோர் இல்லத்தில் இருந்தவர்தான் என்று அவர் விளக்கிய பிறகு எனக்கு மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. தன் சாவுச் செய்தியைக் கேட்டு நான் ஒரு கணம் ஆறுதல்பட்டதை அவர் அறிந்திருந்தால் கோபித்திருக்கமாட்டார். வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் கோல்டிங்கில் வந்து இறங்கிய நம்மவர்களில் பலருக்கு அவரை 'ஜெர்மன் அன்ரி' என்றுதான் தெரியும். வேலையிடத்தில் டேனிஷ்காரர்களும் அவரை 'ஜெர்மன்காரி' என்றே சொன்னார்கள். பவேரியாவின் தென்கோடியில், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். டேனிஷ்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தார். பிள்ளைகள் இல்லை. நான் அவரைச் சந்தித்தபோது கணவரும் போய்விட்டிருந்தார்.

நாங்கள் சந்தித்தது மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் சலவைத் தொழிற்சாலையில். பெரிய படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்து மடிக்க வேண்டும். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். முதல் சனிக்கிழமையே எனக்குப் பாடம் கிடைத்தது. விரிப்பை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தபோது வேலை முடியும் மணி அடித்தது. அவர் தன் முனையை அப்படியே விட்டுவிட்டார். "மணி அடித்துவிட்டது" என்று மலைநாட்டு ஜெர்மன் வாடை வீசும் டேனிஷில் சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றப் போய்விட்டார். துணி தரையில் கிடக்க, நான் என் முனையைப் பிடித்தபடி மணவறையில் தனியே விடப்பட்ட மாப்பிள்ளை போல நின்றேன். துணி ஏற்றும் வண்டி நிறையும்வரை நிற்கச் சொல்லி மேற்பார்வையாளர் கத்துவார். ஓவர்டைம் என்றால் இரண்டு கையும் நீட்டுகிற எங்களுக்கு இது சுத்தச் சோம்பலாகத் தெரிந்தது.

அது சோம்பல் அல்ல என்பதை செப்டம்பரில் ஒருநாள் அறிந்தேன். பிளம்ஸ் பழக் கேக் ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்று அவருடைய பெயருக்குரிய புனிதரின் திருநாள். இந்த நாட்டில் பிறந்தநாளுக்குக் கொடி வைப்பார்கள். பெயர்த் திருநாள் என்றால் யாருக்கும் விளங்காது. எனக்கு விளங்கியது. நான் மன்னார்க்காரன், அந்தோனியார் திருநாள் வந்தால் எங்கள் ஊரில் அந்தோனிகளின் கால் நிலத்தில் படாது. அதைச் சொன்னதும் அவர் பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் வைத்தார்.

அன்றுதான் அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். பழைய ஜெர்மனில் 'நோட்' என்றால் இடுக்கண், 'புர்க்' என்றால் அரண். நோட்புர்கா தீரோல் மலைநாட்டில் வாழ்ந்த ஒரு வேலைக்காரி. வேலைக்காரிகளுக்கும் உழவர்களுக்கும் காவலான புனிதை. அறுவடைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, மாலைச் செபத்துக்கு மணி அடித்த பிறகும் அறுக்கும்படி எசமான் வற்புறுத்தினானாம். யார் சொல்வது சரி என்று இது சொல்லட்டும் என்று அவள் அரிவாளை மேலே எறிந்தாளாம். அது விழாமல் அந்தரத்திலே நின்றதாம். "என்னிடம் அரிவாள் இல்லை. அதனால் விரிப்பை விடுகிறேன். அது விழத்தான் செய்கிறது" என்றார்.

அந்தப் பெயர் அவருடைய மலைகளுக்கு வெளியே ஜெர்மனியிலேயே அரிது. அங்கேயும் கிழவிகளின் பெயர். ஞானஸ்நானத் தொட்டியிலேயே தான் கிழவியாகிவிட்டதாகச் சொல்வார். டென்மார்க்குக்கு வந்த புதிதில், போகிற ஊர்களில் எல்லாம் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி இன்னொரு நோட்புர்காவைத் தேடியிருக்கிறார். ஒருத்தியும் அகப்படவில்லை. பிறகு தேடுவதை விட்டுவிட்டார்.

அப்போது என் மனைவி றெஜினா மன்னாரில் இருந்தாள். நான் புறப்படும்போது வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்து, இடப்பெயர்வுகளுக்கு நடுவே ஞானஸ்நானம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. குடும்பத்தை அழைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. விண்ணப்பம் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. என்னோடு ஒரே வீட்டில் இருந்த அருளப்பு அண்ணை இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். "வெள்ளைக்காரி ஒருத்தியை ஞானத்தாயாப் போடடா. ஞானத்தாய் எண்டால் பெத்த தாய்க்கு அடுத்தது. பிறகு உன்ர ஃபைலை ஆர் மறிக்கிறது?" என்றார். ஊரில் அது சரி. இங்கே அலுவலகத்துக்கு ஞானத்தாய் என்றால் என்னவென்றே தெரியாது என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நோட்புர்காவைப் போடுவோம் என்று றெஜினாவுக்கு எழுதிவிட்டு, அவரிடம் போய்க் கேட்டேன். தன்னால் கோப்பன்ஹேகனில் ஒரு கதவும் திறக்காது என்று நோட்புர்கா சிரித்தார். ஆனால் ஞானத்தாயாக இருக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். தன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக்கூடாது. அந்தப் பெயர் தன்னோடு முடியட்டும், ஒரு குழந்தை அதைச் சுமக்க வேண்டாம் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த நிபந்தனையை நான் சொல்லியனுப்பியது ஊர்போய்ச் சேருமுன்பே அங்கே காரியம் முடிந்திருந்தது. ஒருநாள் றெஜினா கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசினாள்.

"ஞானஸ்நானம் குடுத்தாச்சு. அவவுக்குப் பதிலா அக்கா நிண்டவ. எங்கட வழக்கப்படி ஞானத்தாயின்ர பேரையே வச்சிட்டம். சாமி அந்தப் பேரை ரெண்டு தரம் கேட்டுத்தான் சொன்னவர்" என்றாள்.

திங்கட்கிழமை, விரிப்பு மடிக்கும்போது பயந்து பயந்து சொன்னேன். நோட்புர்காவின் கையிலிருந்த முனை நழுவி விழுந்தது. மணி அடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. வாக்கை மீறிவிட்டாய் என்று கொஞ்சம் திட்டினார். பிறகு அந்தப் பெயரை எங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று சொல்லிக்காட்டச் சொன்னார். நான் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா தன்னை வீட்டில் 'பூர்கி' என்று கூப்பிடுவார், சின்னப் பிள்ளைக்கு அது போதும் என்றார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அவர் என்னிடம் மனைவி வந்தாளா, பிள்ளை வந்ததா என்று கேட்பதில்லை. "என் பெயர் வந்துவிட்டதா?" என்றுதான் கேட்பார். இல்லை என்பேன். விரிப்பை இன்னும் இறுக்கி இழுப்பார். ஊரில் ஷெல் விழுந்த செய்தி வந்த வாரங்களில் அதையும் கேட்கமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவார். குடும்பம் வருவதற்கு முன்பே ஊரில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் சமையலறைக்கு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு கோப்பன்ஹேகனுக்கு ரயிலேறினார். குடிவரவு அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன், பரிசீலனையில் இருக்கிறது, பொறுத்திருக்க வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னான். பிறகு அவரைப் பார்த்து, நீங்கள் யார், என்ன உறவு என்று கேட்டான். அவர் தன் பெயரைச் சொன்னார். அவனுக்கு அது பிடிபடவில்லை.

"இந்த நாட்டில் இந்தப் பெயரோடு நான் ஒருத்திதான் இருக்கிறேன். இரண்டாவது ஒருத்தி உங்கள் வாசலில் நிற்கிறாள். அவளை உள்ளே விடுங்கள். நான் அவளைக் கூப்பிட வேண்டும்" என்றார்.

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் போய்ப் பேசியதால் கோப்பு ஓர் அங்குலம்கூட நகரவில்லை; அஞ்சலி என்பதற்காக நான் கதை கட்டக்கூடாது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளை அமைச்சின் மேலிடமே ஆறப்போட்டு வைத்திருந்தது என்பது பிற்பாடுதான் ஊருக்கு வெளிச்சமாகி, அரசாங்கமே ஆட்டம் கண்டது. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் திரும்பும்போது, ரயிலில் என் பக்கத்தில் ஒரு மனுஷி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்காகக் கோபமாக உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தை நான் தாங்கியது அப்படித்தான்.

கடைசியில் அனுமதி வந்தது. விமான நிலையத்தில் றெஜினா வெளியே வரும்போது மகள் மூன்று வயதை நெருங்கியிருந்தாள். நான் அவளைக் கண்டது அதுதான் முதல்முறை. என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பின்னால் ஒதுங்கி நின்ற நோட்புர்கா வந்து, முழங்கால் வலிக்க வலிக்கத் தரையில் மண்டியிட்டார். தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "நோட்புர்கா" என்றார். பிள்ளை சேலையிலிருந்து முகத்தை எடுத்து, இல்லையென்று தலையாட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டு, "அது நான்" என்றாள்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஆமாம், இனி நீதான்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால் மகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் ஜெர்மன் கிழவியின் பெயர் என்று டேனிஷ் பிள்ளைகளும் கேட்டார்கள், தமிழ்ப் பிள்ளைகளும் கேட்டார்கள். வளர்ந்த பிறகு மாற்றப்போகிறேன் என்று நின்றாள். நான் கத்தினேன். நோட்புர்கா அவளுடைய பக்கம் சேர்ந்துகொண்டு, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று தானே விசாரித்துச் சொன்னார். "பெயரைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. கூப்பிட ஆள் இருந்தால்தான் அது பெயர்" என்று என்னையும் அடக்கினார். மகள் அந்த அலுவலகத்துக்குப் போகவேயில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை. செப்டம்பர் வந்தால் இரண்டு பேரும் ஒரே கேக்கை வெட்டுவார்கள்.

அடக்கம் முடிந்து இரண்டொரு நாளில் அவருடைய அறையை ஒழிக்க மகளும் நானும் போனோம். அலுமாரியில் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த லினன் விரிப்புகள் இருந்தன. ஒன்றை எடுத்து உதறினேன். கேட்காமலே மகள் மறுமுனையைப் பிடித்தாள். பாதி மடித்திருப்போம், பக்கத்துத் தேவாலயத்தில் மாலை மணி அடிக்கத் தொடங்கியது. மகள் தன் முனையை விட்டுவிட்டாள். துணி தரையில் விழுந்தது.

"மணி அடித்துவிட்டது" என்றாள் டேனிஷில், அதே மலைநாட்டு வாடையோடு. சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த விரிப்பை மட்டும் நான் எடுத்து வந்திருக்கிறேன். மற்றபடி அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பெயர்தான். அன்று அந்த அறையில், என் முனையைப் பிடித்தபடியே நின்றுகொண்டு, காரணம் ஒன்றும் இல்லாமல், "நோட்புர்கா" என்று கூப்பிட்டேன்.

வீட்டில் எதற்கும் டேனிஷிலேயே பதில் சொல்லும் என் மகள், "ஓம் அப்பா" என்றாள்.