லோரி ஸ்பிரிங்கில் ஒரு மீன் கத்தி

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் வீட்டுமனை போடுவதற்காக மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மண்வாரி மிஷின் ஓட்டியவர் ஒருகாலத்தில் எங்கள் லயத்தில் குடியிருந்தவர், என்னைவிட இளையவர். ஒரு சனிக்கிழமை காலை போன் செய்தார்.

"அண்ணே, ஸ்டோருக்குப் பின்னால கெடக்குதே பழைய லோரி, அத திங்கக்கெழம அறுத்து, பழைய இரும்புன்னு பெசி பூரோக்குக்கு ஏத்துறாங்க. ஏதாச்சும் வேணும்னா இன்னிக்கே வந்துருங்க லா."

சுங்கை பட்டாணியில் ஒரு லோரிப் பட்டறையில் வேலை செய்கிறவன் நான். சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோலா கெத்தில் சாலையில் போகும்போதே எதைக் கழற்றுவது என்று முடிவாகிவிட்டது. பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை, மூட்டை ஏற்றும் தளத்தில் ஒரு பலகை. அந்தத் தளத்தில்தான் என் அக்கா பிறந்தாள்.

அம்மா சொல்லிக் கேட்ட கதை இது. ஒரு மழைநாளில் இடுப்புவலி கண்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக ரப்பர் ஷீட்டு ஏற்றிய லோரிதான் கிடைத்திருக்கிறது. செம்மண் சாலையில் சக்கரம் புதைந்துவிட்டது. டிரைவர் ஒரு மலாய்க்காரர். அவரும் மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் இறங்கி, தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்து, லோரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றார்களாம். கூடப் போன பக்கத்து வீட்டு அம்மா பிள்ளையை எடுத்தார். துணி போதவில்லை. டிரைவர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு அக்கா "அனாக் லோரி" ஆகிவிட்டாள். லோரிப் பிள்ளை.

நாங்கள் பள்ளிக்கூடம் போனதும் அந்த லோரியில்தான். பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கிளைகள் உரசும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். காய்ந்த ஷீட்டின் புகைவாசம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வகுப்பறை வரைக்கும் வரும். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, எதற்கோ அக்காமேல் கோபம் வந்து, இந்தக் கதையைப் பையன்களிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் "பாம், பாம்" என்று ஹாரன் அடித்தார்கள். அதன்பிறகு அவள் லோரியில் ஏறவில்லை. நாங்கள் மேலே நின்று போவோம். கீழே பால்மரங்களுக்கு நடுவில் அவள் பையைக் கட்டிக்கொண்டு தனியாக நடந்து வருவது தெரியும். சற்று நேரத்தில் மரங்கள் மறைத்துவிடும். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, அப்போதும் சரி, பிறகும் சரி.

அக்காவுக்கு அறுபது முடியப் போகிற நேரம் அது. அத்தனை வருஷம் நடத்திய பள்ளிக் கேண்டீனை விடப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு ஒரு கத்தி செய்து கொடுக்க நினைத்தேன். லோரி என்றாலே முகம் மாறுகிறவளுக்கு இது தேவையா என்று என் மனைவி கேட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுக்கி, பாக்காவ் மரக் கரி போட்டு, மகளின் முடி உலர்த்தும் மிஷினை வைத்துக் காற்று ஊதினேன். வளைந்த பட்டையைச் சிவக்கக் காய்ச்சித் தட்டி நேராக்கினேன். சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அரத்தால் ராவி, கத்தி உருவத்துக்குக் கொண்டுவந்தேன். கெட்டிப்படுத்த மறுபடி காய்ச்சி, அவசரப்பட்டு வாளித் தண்ணீரில் முக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளிம்பிலிருந்து முதுகுவரை மயிரிழை விரிசல். ஆறு ஞாயிறு வேலை.

கத்தியைப் பிடித்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து பார்த்தாள். "இன்னொரு பட்டை இருக்குல்லங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவதைச் சுடவைத்த எண்ணெயில் முக்கினேன். பிழைத்தது. எளிதில் உடையாமல் இருக்க, மனைவி பிஸ்கட் சுடும் அடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்தேன். வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அடுத்து சுட்ட பிஸ்கட்டில் எண்ணெய் வாடை அடித்ததை அவள் இன்றும் சொல்லிக் காட்டுவாள். லோரிப் பலகையை இழைத்து, பித்தளை ஆணி அடித்துப் பிடி போட்டேன்.

அக்கா வீடு செமிலிங்கில். பிறந்தநாளன்று போனபோது, கோத்தா கோலா மூடாவில் வாங்கிய கெம்போங் மீனைப் பின்கட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தியை நீட்டினேன்.

"நீயே செஞ்சியா? எதுல?"

"லோரி ஸ்பிரிங்குல கா."

"எந்த லோரி?"

"நம்ம தோட்டத்து லோரிதான். பிடிகூட அதோட பலகை."

கையில் செதில் ஒட்டியிருந்தது. பிடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே அக்கா நின்றாள்.

"அன்னிக்கு நான் பள்ளியில சொன்னது தப்பு கா. ஒரு வருஷம் உன்ன நடக்க வச்சிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "நான் நடந்தேன்னு யாருடா சொன்னா?"

"நான்தான் தெனமும் பாப்பேனே!"

"வளைவு வரைக்கும் பாத்திருப்ப. டிரைவரு உங்கள எறக்கி விட்டுட்டு எனக்காகத் திரும்பி வருவாரு. 'அனாக் லோரி, நாயிக் லா'ம்பாரு, ஏறிக்கன்னு. முன் சீட்டுல உக்காந்துதான் போவேன். பள்ளி தெரியறதுக்கு முன்னாடி எறங்கிக்குவேன், உங்க கண்ணுல படக்கூடாதுன்னு."

முன் சீட்டு! எங்களில் ஒருவரும் அதில் உட்கார்ந்ததில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்தால் அவர் மட்டும் உட்காருவார்.

"அப்ப அந்தப் பேரு உனக்குப் புடிக்குமா?"

"அவரு கூப்ட்டா புடிக்கும். நீங்க கூப்ட்டா அடிக்கணும்போல இருக்கும்," என்று சொல்லிவிட்டு, நான் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுபோன கத்தியால் மீன் தலையை அறுக்க ஆரம்பித்தாள். இரண்டு மீனுக்குப் பிறகு, "பிடி தடிமனா இருக்குடா, இழைச்சுக் குடு," என்றாள்.

டிரைவர் இறந்து பல வருஷமாகிறது. அவருடைய மகள் பீடோங்கில் இருக்கிறார் என்பதும், ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அக்கா அங்கே போய்வருகிறாள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வருஷம் என்னையும் அழைத்துப் போனாள். கத்தியையும் எடுத்து வந்திருந்தாள். அந்த அம்மா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தன் சமையலறையில் மழுங்கிக் கிடந்த ஐந்து கத்திகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். புதுச் சட்டையோடு பின்வாசலில் குந்தி ஒவ்வொன்றாகத் தீட்டிக் கொடுத்தேன். அக்காவும் அவரும் ரெண்டாங் கறி சாப்பிட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.