மாலே போகிறவர்களுக்கு ரோச் சொன்னது

தூத்துக்குடியில் யாருக்காவது மாலத்தீவு போகிற யோகம் அடித்துவிட்டால், பாஸ்போர்ட் கைக்கு வருகிறதோ இல்லையோ, ஆள் முதலில் ரோச் வீட்டுக்கு வந்து நிற்பான். ரோச் ஒன்றும் அதிகாரி இல்லை. மாலேக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போய், மாசிக் கருவாடு ஏற்றி வருகிற பாய்த்தோணி ஒன்றில் பண்டாரி. ஏழு பேருக்குச் சோறு பொங்கிப் போடுகிற வேலை. ஆனால் பதினெட்டு வருஷமாக அந்தக் கடலில் போய்வருகிறவன். பனியனோடு நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து அவன் பேச ஆரம்பித்துவிட்டால், அடேயப்பா, வந்தவன் காப்பியை மறந்துவிடுவான்.

“பெட்டியில மாதா சுரூபம், அந்தோனியார் படம் ஒண்ணும் வைக்காதீய. சுங்கத்துல எடுத்து வச்சுக்கிடுவான். செபத்தை மனசுக்குள்ள சொல்லுங்க, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். சாராயத்தப் பத்தி மூச்சு விடப்படாது. வெள்ளிக்கிழமை கடைகண்ணி கிடையாது. தண்ணியக் காய்ச்சாமக் குடிக்காதீய. அங்கன மணல் நம்ம ஊரு மணல்னு நெனச்சிறாதீய. இடிச்சுச் சலிச்ச அரிசிமாவு! வெயிலு அதுல பட்டுத் திரும்பி மூஞ்சியில அடிக்கும், தொப்பி இல்லாம இறங்குனா கண்ணு அவிஞ்சு போவும். ஒரு வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னு மூணு தடவ கையத் தட்டணும், பொறவுதான் உள்ள போகணும். பொழுது போகலையா? கடல் வத்துன நேரம் பாத்து அடுத்த தீவுக்கு நடந்தே போயிட்டு வந்திரலாம். முழங்கால் தண்ணிதான்.”

அவன் மனைவி ஆக்னஸ் குசினி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். நூறு தடவை கேட்டதுதான். இருந்தாலும் அரிசிமாவு மணல் வருகிற இடத்தில் அவள் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்துக்காகவே ரோச் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுவான்.

இத்தனையும் சொன்ன ரோச், மாலே மணலில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

ஆமாம், இல்லை. தோணி அங்கே கரையோடு ஒட்டி நிற்காது. சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைச் சின்னப் படகுகள் வந்து இறக்கிப்போகும். தோணியை நடத்துகிற தண்டலும் மற்றவர்களும் முறைவைத்துக் கரைக்குப் போய்வருவார்கள். பண்டாரி மட்டும் போகமாட்டான். அந்தத் தோணியில் அப்படி ஒரு வழக்கம். அந்நியத் துறையில் தோணி நிற்கும்போது அடுப்பில் நெருப்பு அணையவும் கூடாது, அதை விட்டுவிட்டுப் பண்டாரி இறங்கவும் கூடாது. எந்தக் காலத்திலோ ஒரு பண்டாரி ஊர் பார்க்க இறங்கிப்போக, அடுப்பு சாய்ந்து பாய் எரிந்துபோனதாம். வழக்கத்தை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை. ரோச் தளத்தில் நின்று பார்ப்பான். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அதன்மேல் பச்சையாக ஒரு கோடு. அவன் கண்ட மாலத்தீவு அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இந்தப் பொய்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஐம்பத்தொன்பதில் அவன் முதல்தடவை போய்த் திரும்பியபோது கல்யாணமாகி ஆறு வாரம். ஆக்னஸ் பிரசவம் பார்க்கப் படித்த பெண், அவனைவிட இரண்டு வகுப்பு கூடவே படித்தவள். வந்ததும் வராததுமாக, “கரை எப்பிடி இருந்துச்சு? சொல்லுங்க!” என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து, ‘நான் இறங்கவே இல்லை, அடுப்புக்குக் காவல் இருந்தேன்’ என்று எந்த மாப்பிள்ளைதான் சொல்லுவான்? தோணிக்காரன் சிலுவை கரைக்குப் போய்வந்து சொன்ன அரிசிமாவு மணலை, தான் மிதித்த மாதிரி எடுத்துவிட்டான். அவ்வளவுதான், வசமாக மாட்டிக்கொண்டான்.

அடுத்த தடவை அவள் இன்னும் கேட்பாளே! அதனால் கரைக்குப் போய்வருகிறவர்களிடம் ரோச் கதை கேட்க ஆரம்பித்தான். சும்மா யார் சொல்லுவார்கள்? நல்ல கதை கொண்டுவருகிறவனுக்குக் குழம்பில் விளமீன் தலை என்று பேச்சு. விளமீன் தலைக்கு ஆசைப்படாத தோணிக்காரன் உண்டா? ஒருத்தன் மாற்றி ஒருத்தன் கொண்டுவந்து கொட்டினார்கள். பெண்கள் என்ன உடுத்துகிறார்கள், தெருவில் என்ன விற்கிறது, குழந்தையை எப்படித் தூக்குகிறார்கள், எல்லாம். அதை அப்படியே பொத்திவைத்து, எழுநூறு கிலோமீட்டர் கடலைக் கடந்து ஆக்னஸிடம் கொண்டுவந்து சேர்ப்பான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டது அந்தக் கதைகள்தான்.

எழுபத்தேழில் ஆக்னஸுக்கு மாலேயில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற வேலை வந்தது. இரண்டு வருஷம். ரயிலும் கப்பலுமாகக் கொழும்பு போய் அங்கிருந்து விமானம். ரோச் திகைத்துப்போனான்.

“உனக்கு எதுக்குளா இந்த வயசுல அங்கன? இங்கன உள்ள வேலை போதாதா?”

“வேலைக்காகவா போறேன்?” என்றாள் அவள். “பதினெட்டு வருசமா சொல்லிச் சொல்லியே அந்த ஊரக் கண்ணுல கட்டிப்போட்டிய. நீங்க நின்ன மணலுல நானும் ஒருக்க நிக்கணும். அம்புட்டுத்தான்.”



புறப்பட இன்னும் பத்து நாள் இருக்கையில் பர்னபாஸ் வாத்தியார் வந்தார். நாசரேத்துக்காரர். போன வருஷம் ரோச்சிடம் யோசனை கேட்டுக்கொண்டு மாலேக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவர், லீவுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“அண்ணாச்சி, உங்க பேச்சக் கேட்டு வீட்டுக்கு வீடு கையத் தட்டிட்டு நின்னேன். ஊர்ப் பிள்ளைய பூராவும் என் பின்னாலயே கையத் தட்டிட்டு வந்துட்டு! அதக்கூட விடுங்க. அடுத்த தீவுக்கு நடந்து போலாம்னு சொன்னியள்லா? பாதியில கடல் ஏறிட்டு. எனக்கு நீச்சலும் தெரியாது. கழுத்து வரைக்கும் வந்துட்டு அண்ணாச்சி. மீன்பிடிக்க வந்த ரெண்டு பேரு முடியப் பிடிச்சுத் தூக்கிப் படகுல போட்டாங்க.”

ரோச் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். ஆனால் ஆக்னஸ் விட்டுக்கொடுக்கவில்லை.

“நீங்க நேரம் தெரியாம இறங்கியிருப்பிய வாத்தியாரே. எங்க வீட்டுக்காரரு தான் நடந்து பாக்காம ஒரு வார்த்த சொல்லமாட்டாரு. நான் போயி அதே வழியா நடந்துட்டு உங்களுக்கே சொல்லுதேன், பாருங்க!”

வாத்தியார் தெருமுனை திரும்பியதும் ரோச் சட்டையை மாட்டிக்கொண்டு சிலுவை வீட்டுக்கு ஓடினான். சிலுவை வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“ஏலே சிலுவை, அடுத்த தீவுக்கு நடந்து போலாம்னு சொன்னியே, நீ நடந்தியாலே?”

சிலுவை தலையைச் சொறிந்தான். “எந்தத் தீவு?... ஓ, அதுவா! அன்னைக்கு என்கிட்ட கதை ஒண்ணும் இல்லலே. நீ வேற மீன் தலையப் பெருசா வச்சிருந்த. அதான், சும்மா ஒண்ணு விட்டேன்.”

“கையத் தட்டுறது?”

“அதுவும் ஒரு தலைதான்.”

“செத்த மூதி! வேற என்னலாம் விட்ட?”

“பதினெட்டு வருசக் கதை. எத்தன தலை தின்னேன்னு எனக்கு ஞாவகம் இருக்குமாலே?”

ரோச் வீட்டுக்குத் திரும்பி நடந்தான். இனி எதை நம்புவது? சுரூபம் நிஜமா, வெந்நீர் நிஜமா, மணல்தான் நிஜமா? தண்டல் சொன்னதில் பொய் இருக்காது. ஆனால் எது தண்டல் சொன்னது, எது சிலுவை விட்டது என்று அவனுக்கே பிரியவில்லை. எல்லாம் ஒரே குழம்பில் கொதித்துவிட்டது. அத்தனையையும் தலையில் ஏற்றிக்கொண்டு ஆக்னஸ் கடலில் இறங்கப்போகிறாள். பர்னபாஸாவது பயந்து பயந்து இறங்கியிருப்பார். இவள் புருஷன் பேச்சை நம்பிக் கையை வீசிக்கொண்டு போவாள்.

இன்னொன்றும் மனசுக்குள் அரித்தது. சொல்லிவிட்டால் அவள் போகாமலே இருந்துவிடலாம். அவள் போகக்கூடாது என்றுதானே உள்ளுக்குள் கிடந்து தவிக்கிறான்? நல்லதுக்குச் சொல்கிறானா, மறிக்கச் சொல்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. நாலு நாள் இதிலேயே போயிற்று. அஞ்சாம் நாள் காலையில், அவள் குசினியில் மீன் அரிந்துகொண்டிருக்கும்போது, எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஆக்னஸ் அரிவாள்மனையை நகர்த்திவைத்தாள். கையைக் கழுவினாள்.

“ஒரு நாளுமா இறங்கல?”

“ஒரு நாளும் இறங்கலளா.”

“தோணியில எல்லாருக்கும் தெரியும்?”

“தெரியும்.”

“அவங்க பொண்டாட்டிமாருக்கும் தெரிஞ்சிருக்கும். கோயில்ல என் பக்கத்துல உக்காந்து மாலே மணலப் பத்திக் கேப்பாளுவளே, சிரிக்கத்தான் கேட்டிருக்காளுவ.” அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “நீங்க நின்ன எடத்துல நிக்கத்தான் போறேன்னேன். நீங்களே நிக்கலைன்னா எனக்கு அங்கன என்ன சோலி? நான் போகல.”

இதைத்தானே அவன் கேட்க ஆசைப்பட்டான்? வந்த வார்த்தை காதில் விழுந்ததும் சந்தோஷம் ஒரு துளி வரவில்லை. இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். திறந்துவைத்த பெட்டியை அவள் மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க ரோச்சுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டியை அவனே வெளியே இழுத்துப்போட்டான்.

“எம் பொய்யால நீ இங்கன முடங்கிக் கெடந்தா அது எனக்கு ஆவாதுளா. பதினெட்டு வருசமா ஊரான் கண்ணத்தான் கடன் வாங்கிப் பாத்தேன். நீ போயிப் பாரு. பாத்ததச் சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும்.”

“எனக்கு உங்க மேல கோவம் போகல.”

“போக வேண்டாம். கோவத்தோடயே போ.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். சொன்ன தேதியில் போனாள். எத்தனையோ தடவை துறையில் நின்று அவனை வழியனுப்பியவள் போகிறாள், அவன் நிற்கிறான். நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. பாவி, ஒரு நாளும் அவள் சொன்னதில்லையே என்று ஸ்டேஷனிலேயே அழுதான்.

மூன்று மாதம் கழித்துப் பெரிய கடிதமாக ஒன்று வந்தது.

‘முதல்தடவை வருகிறவர்களிடம் இனிமேல் இப்படிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்திருந்தாள். ‘கையைத் தட்ட வேண்டாம், வாசலில் நின்று சலாம் சொன்னால் போதும். அடுத்த தீவுக்கு யாரும் நடந்து போவதில்லை, கடலுக்குள்ளே இழுப்பு அதிகம், இதை மறக்காமல் சொல்லுங்கள். சுரூபம் நீங்கள் சொன்னது சரி. தண்ணீர் சரி. புளியும் மிளகாய்வற்றலும் கூடக் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே பெண்கள் பிரசவ வலியிலும் சத்தம் போடாமல் என் கையைப் பிடித்து நசுக்குகிறார்கள். இதுவரை பதினாலு பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். கோபம் முக்கால்வாசி போய்விட்டது.

மணல் அரிசிமாவுதானா என்று என்னால் எழுத முடியவில்லை. தெருவெல்லாம் மணல்தான். ஆனால் கடலோரத்துக்கு நான் இன்னும் போகவில்லை. கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கரை மணலில் நீங்களும் கால் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் இறங்கலாம்.’

கடிதத்தைக் கையில் பிடித்தபடியே ரோச் துறைக்குப் போனான். தண்டல் அம்புரோஸ் பாய்க்கயிறு பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர், கோபக்காரர். ரோச் அவர் முன்னால் போய் நின்றான்.

“அண்ணாச்சி, இந்தத் தடவ மாலேயில ஒரு நாள் நான் கரைக்கு இறங்கணும். ஆக்னஸ் காத்துட்டு இருக்கா.”

தண்டல் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“நெருப்ப விட்டுட்டு ஆள் எறங்கப்படாதுன்னா, நெருப்புக்கு ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதானேலே. அன்னைக்கு நான் இருந்துக்கிடுதேன், சோறு நான் பொங்குதேன், நீ போ. பதினெட்டு வருசமா இத நீ ஒரு நாளும் கேக்கலையேலே!”