பாஸ்கரன் கேட்ட லிஃப்ட்

போன செவ்வாய்க்கிழமை காலை திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மேனேஜர் என்னை அழைத்தார். அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த பாஸ்கரன் தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்றார். சொந்தக்காரர்கள் யாரையும் தெரியாததால், அவர் செல்பேசியில் கடைசியாகப் பேசியிருந்த எண்ணைக் கூப்பிட்டதாகச் சொன்னார். அந்தப் பேச்சு நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

தேனாம்பேட்டை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் வேலை இன்னதென்று வெளியில் சொன்னால் சட்டென்று புரியாது. ஐரோப்பியப் போக்குவரத்து வலைப்பின்னலில் இருக்கும் நகரங்கள், ரயிலிலிருந்து பேருந்துக்கு எல்லோரும் சிரமமில்லாமல் மாறிச் செல்ல வழி செய்ய வேண்டும் என்பது அங்கத்திய விதி. அதன்படி வரைபடங்கள் இருக்கின்றனவா என்று இங்கே உட்கார்ந்து சரிபார்த்தோம். பாஸ்கரன் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. "ஊரைப் பார்க்கலேன்னா என்ன மேடம், கால் எல்லா ஊர்லயும் ஒரே கால்தான்" என்பார்.

ஒரு துறைமுக நகரத்தின் வரைபடத்தில் ரயில் நிலையமும் பேருந்து நிறுத்தமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் சரி என்று குறித்துவிட்டேன். பாஸ்கரன் மட்டும் இரண்டுக்கும் நடுவில் இருந்த உயர வித்தியாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மயிலாப்பூருக்கு வரச் சொன்னார். பறக்கும் ரயிலிலிருந்து மீன்கூடையோடு இறங்கிய ஓர் அம்மாவிடம், பஸ் ஸ்டாப் ரொம்ப தூரமா என்று கேட்டார்.

"தூரம் இன்னா கீது நைனா, அதோ தெரியுது. இந்தப் படிய எறங்குறதுக்குள்ளதான் உசுரு போவுது."

பாஸ்கரன் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வரை இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

மறுநாள் கூட்டத்தில், லிஃப்ட் இல்லாமல் அந்த நகரத்தின் வரைபடத்தை ஒப்புக்கொள்ள முடியாது என்றார். திட்டத்தை ஒப்படைக்க நாலு நாள்தான் இருந்தது. மேலாளர் என் பக்கம் திரும்பி, "கீதா, நீங்கதானே செக் பண்ணீங்க? ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார்.

"தூரம் சரியாத்தான் சார் இருக்கு" என்றேன்.

பாஸ்கரன் தன் ஆட்சேபத்தை எழுதி அந்த நகர நிர்வாகத்துக்கே நேராக அனுப்பினார். அடுத்த வாரம் அவரைக் குழுவிலிருந்து எடுத்து, பழைய கோப்புகளுக்கு எண் போட வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் இருந்தார். நாமெல்லாம் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

பல மாதங்கள் கழித்துத் திருத்திய வரைபடம் வந்தது. அதில் இரண்டு லிஃப்ட் இருந்தன. நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கதவை நல்லா அகலமா வெச்சிருக்காங்க. சக்கர நாற்காலி தாராளமா போகும்" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வரைபடத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் மேன்ஷன்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அலுவலகத்திலிருந்து நான் மட்டும்.

லிஃப்ட் வேண்டும் என்று அவர் சொன்ன அந்த அலுவலகக் கூட்டம் முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்து, "டீக்குப் போலாமா மேடம்?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தனியாகப் போனார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்: கைவிட்டவளைக் கால் மணி நேரத்துக்குள் டீக்குக் கூப்பிட்ட குரல்.