கோழிப்பண்ணையைச் சுற்றிப் போன எல்லை

கோழிக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, தகரக் கூரை கொதிக்கும் கோடையிலும் அவர் கொட்டகையில் கோழி சாகாது. மற்றொன்று, அவர் யாருக்கும் லேசில் தலையாட்ட மாட்டார். முதல் பெருமைக்குக் கூரைமேல் போட்ட ஈரச் சாக்குகள் காரணம். இரண்டாவது பிறவிக்குணம். முதலாவதை மட்டும்தான் அவர் மனைவி வெளியில் சொல்லிக்கொள்வாள்.

நகர எல்லை அவருடைய வேலிவரை வந்து நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி. இந்தப் பக்கம் அவருடைய வீடு, கோழிக் கொட்டகை, ஒரு ஆழ்துளைக் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் மஞ்சளாகும். மஞ்சள் சட்டையைத் துவைத்துப் பார்க்கும் துணிச்சல் அவர் மனைவிக்கு வரவில்லை. குழாய்த் தண்ணீர் என்று யாராவது சொன்னாலே அவள் பெருமூச்சு விடுவாள்.

அவர் நிலத்தைத் தாண்டி ஒரு கம்பெனி வரிசையாக வீடுகள் கட்டியிருந்தது. 'நகரத்துக்குள் வீடு' என்று விளம்பரம் போட்டு எல்லாவற்றையும் விற்றும்விட்டார்கள். நகரம்தான் இன்னும் வந்து சேரவில்லை. சட்டப்படி நகர எல்லை இடையில் உள்ள நிலத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். ஓரத்தில் இருக்கும் நிலத்தைச் சேர்ப்பதென்றால் அதன் சொந்தக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி நடுவில் நந்தி மாதிரி இருந்தது கோழிக்காரரின் நிலம்.

அதனால் நகராட்சி அதிகாரி அம்மாவே வரைபடத்தோடு தேடி வந்தார். வீட்டில் நல்ல நாற்காலி இல்லாததால் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஐயா, நகரத்துக்குள்ள கோழிப்பண்ணை வெக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா உங்களுது ஏற்கெனவே இருக்கறது. நீங்களா சம்மதிச்சு வந்தா, நீங்க நடத்துற வரைக்கும் நடத்திக்கலாம். பெருசாக்க மட்டும் கூடாது. வீட்டுக்குக் குழாயும் வரும்."

மனைவி பேனாவையே கொண்டுவந்து நீட்டினாள். கோழிக்காரர் அதை வாங்கிக் காது குடைந்தார்.

"நான் இல்லாம உங்களால அந்தப் பக்கம் போக முடியாது. சரிதானே?"

"போறது கஷ்டம்தான்."

அதிகாரி அம்மா உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது. கோழிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்போ என் பக்கத்துக்கும் கொஞ்சம் எழுதிக்குங்க. வரி வேணாம். இந்தத் தெருவுக்கு எங்கப்பா பேரு. கொட்டகைக்குப் பின்னாடி ஒரு விளக்கு. அப்புறம் அந்தப் புது வீட்டுக்காரங்க இனிமே என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தக் கூடாது."

"மூக்குக்கு எங்ககிட்ட விதி இல்லீங்க ஐயா" என்று அதிகாரி அம்மா எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை மச்சினன் வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், ஊர்ச் செய்தியெல்லாம் பயணிகளோடு சேர்ந்து அவன் வண்டியில் ஏறும்.

"மாமா, பேசாம கையெழுத்துப் போட்டுருங்க. அக்கா பாவம்."

"நீ சும்மா இரு மாப்ள. மறுபடி வருவாங்க பாரு. வராம எங்க போவாங்க?"

அவர்கள் வேறு வழியில் போனார்கள். கோழிக்காரரின் நிலத்தை ஒட்டி ஒரு சர்க்கார் சாலை ஓடியது. அவரே தினமும் அதில்தான் போய் வந்தார். ஆனால் அதுவும் ஒரு நிலம்தான் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சாலைக்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. நகராட்சி சாலையை மட்டும் நாடா மாதிரி நீட்டிச் சேர்த்துக்கொண்டது. நாடாவின் நுனியில் அந்தப் புது வீடுகளை முடிந்துகொண்டது. மற்ற பக்கங்களில் இருந்தவர்கள், கோழிக்காரர் மாதிரி யோசிக்காமல், குழாய் வருகிறதா என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் கோழிக்காரர் சிரித்தார். "என் நிலத்தைத் தொட முடிஞ்சுதா?" என்று மச்சினனிடம் கேட்டார். தொடவில்லைதான். அவர் வாசலுக்கு எதிரிலேயே குழாய் பதித்தார்கள். அவர் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாமல் நேராகப் போனது. நகராட்சிக் குப்பை வண்டி வாசலில் மணியடித்துவிட்டு நிற்காமல் போனது. அதுவரை எப்போதாவது வந்துபோன பழைய ஊராட்சியின் வண்டியோ, நகரத்துச் சாலையைத் தாண்டி ஒரே ஒரு வீட்டுக்கு வர முடியாது என்று நின்றுவிட்டது. கோழிக்காரர் வீட்டுக் குப்பை, பிறந்த இடத்திலேயே வளர்ந்தது.

"உங்க ராஜ்ஜியத்துக்கு ஒரு கொடியும் தெச்சுத் தரட்டுமா?" என்றாள் மனைவி.

சில மாதங்களில் நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. அவர் நிலமும் நகரத்தோடு சேர்க்கப்படுகிறது. கருத்துச் சொல்ல விரும்பினால் கூட்டத்துக்கு வரலாம். கோழிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சட்டை மஞ்சள்தான்.

"நான்தான் சம்மதிக்கவே இல்லியே! எப்படிச் சேர்ப்பீங்க?"

அதே அதிகாரி அம்மா வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். "சுத்தி நாலு பக்கமும் நகரம். நடுவுல நீங்க. இப்படி மாட்டிக்கிட்ட நிலத்துக்குச் சம்மதம் தேவையில்லீங்க ஐயா."

"அப்போ அன்னைக்கு எதுக்கு வந்து கேட்டீங்க?"

"அன்னைக்கு நீங்க ஓரத்துல இருந்தீங்க."

கோழிக்காரர் வரைபடத்தைத் தள்ளி வைத்தார். "சரி, போகட்டும். கொட்டகைக்கு அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, நடத்துற வரைக்கும் நடத்தலாம்னு..."

"அது சம்மதிச்சு வந்தவங்களுக்கு. இப்போ கொட்டகையில இருக்கற கோழிங்க போற வரைக்கும் டைம் தர்றோம். அதுக்கு மேல புதுக் குஞ்சு இறக்கக் கூடாது."

இந்தக் கடைசி வரியைக் கோழிக்காரர் பிடித்துக்கொண்டார். இருக்கிற கோழிகள் போகும்வரை! போகாவிட்டால்? வழக்கமாகக் கறிக்கோழியை ஆறாவது வாரத்தில் லாரியில் ஏற்றிவிடுவார். இந்த முறை லாரி வந்தது, வெறுமனே திரும்பியது. "இன்னும் எடை வரல" என்றார். அடுத்த முறையும் அதே பதில். கோழிகள் தின்றன, பெருத்தன, நடக்க மறந்தன. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரை முறைத்தன. தீவன மூட்டை வாங்கி வாங்கிக் கையிருப்பு கரைந்தது.

"இது கோழியா, இல்ல காலி பண்ணமாட்டேங்குற வாடகைக்காரங்களா?" என்றாள் மனைவி.

புகாரின்பேரில் சோதனைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்து உடனே கீழே வைத்தார். "ஐயா, இது இன்னும் கறிக்கோழிதான்னு நீங்க சொன்னா நான் நம்பறேன். ஆனா கோழிக்கே நம்பிக்கை இருக்கற மாதிரி தெரியல."

கடைசியில் லாரிக்காரனும் கைவிரித்தான். இவ்வளவு பெரிய கோழியை எந்தக் கடையும் வாங்காது. கோழிக்காரர் வாசலிலேயே மலிவு விலைக்கு விற்பதாகப் பலகை வைத்தார். வீச்சம் என்று புகார் எழுதிக் கையெழுத்துப் போட்ட புது வீட்டுக்காரர்கள் முதல் ஆளாக வரிசையில் நின்றார்கள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. "இனிமே எப்போ சார் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

"நீங்க எழுதினீங்களே, அவங்களையே கேளுங்க" என்றார் அவர். வேறு பழிவாங்கல் அவரிடம் மிச்சமில்லை.

கொட்டகை காலியான அதே வாரம் குழாய் வந்தது. மனைவி பிளாஸ்டிக் குழாயை மாட்டி, கொட்டகைத் தரையைக் கழுவினாள். மச்சினன் துடைப்பத்தோடு நின்றான். கோழிக்காரர் இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு."

"அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருந்தா" என்றாள் மனைவி, நிமிராமல், "கோழியும் குடிச்சிருக்கும்."