வலது பக்க ஸ்பீக்கர்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: "தரைத்தள வீடுகளின் மாற்றுச் சாவி சங்கத்திடம் இருக்கும். உரிமையாளர் ஊரில் இல்லாதபோது வெள்ளநீர் புகும் அபாயம் ஏற்பட்டால், பொருட்களை உயரத்தில் ஏற்றி வைப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்."

இதை எழுதியவன் நான். 2015 மழையில் எங்கள் முடிச்சூர் மூழ்கி எழுந்த பிறகு எழுதியது. தணிக்கைத் துறையில் அடுத்தவர் எழுதிய விதிகளைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டே ஓய்வு பெற்றவன் என்பதால், "மட்டும்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். பிள்ளையார் சதுர்த்தி வெள்ள அபாயத்தில் சேராது என்று தனியாக எழுதவில்லை. தோன்றவில்லை.

சதுர்த்தி வாரத்தில் நானும் மனைவியும் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தோம். இங்கே தரைத்தளத்தில், எங்கள் வீட்டு ஹாலில் என் ஸ்பீக்கர்கள் இரண்டும் இருந்தன. சேலையூரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வாங்கிய எழுபதுகளின் பெட்டிகள். வாங்கும்போது, அதிர்ந்து ஒலி எழுப்பும் பேப்பர் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுச் சுரண்டி, கோன் கிழியாமல் எடுத்து, புது வளையம் ஒட்டினேன். உள்ளே இருந்த கெப்பாசிட்டர்கள் செத்திருந்தன. கை நிறையப் புதியவற்றை வாங்கி, ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து, ஒரே அளவு காட்டிய ஜோடிகளை மட்டும் பொருத்தினேன். இரண்டு பெட்டியும் ஒரே குரலில் பேச வேண்டும், வேலையே அதுதான். பேசின. கச்சேரி ஒலிப்பதிவைப் போட்டால், பாடகர் இரண்டுக்கும் நடுவே வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவார்.

ஊரிலிருந்து திரும்பி அதே கச்சேரியைப் போட்டேன். பாடகர் வலது மூலையில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். வலது பெட்டியின் முன்துணியைக் கழற்றினேன். கறுப்புக் கோன் இருந்த இடத்தில் சிவப்பாக, நடுவில் வெள்ளி மினுக்க, ஒரு கார் ஸ்பீக்கர். அதை நுழைப்பதற்குப் பலகையை வேறு அறுத்திருந்தார்கள்.

சங்கச் செயலாளர் வாசல் கேட் அருகே நின்றிருந்தார். எங்கள் கட்டடம் நெல்வயலாக இருந்த காலத்தில் அது அவர் அப்பாவுடையது. இன்று அவருக்கு இங்கே நான்கு வீடு, மெயின் ரோட்டில் ஜல்லி, மணல் வியாபாரம்.

"சதுர்த்தி அன்னிக்கு மைக் செட்காரன் பாக்ஸ் புட்டுகிச்சு சார். சாமி பாட்டு பாதில நின்னா நல்லாவா கீது? அதான் உங்களுது எடுத்தோம். ஒண்ணுதான் எடுத்தோம். இன்னொண்ணை யாரும் தொடல."

"எந்த ஆம்ப்ளிஃபயர்ல மாட்டுனீங்க?"

"மைக் செட்காரனதுதான். மத்தியானம் வரைக்கும் சூப்பரா பாடிகினு இருந்துச்சு. அப்பால புகை வந்துச்சு. நான் சும்மா வுடுவேனா? மச்சானை அனுப்பி தாம்பரத்துல புதுசு போட்டு வச்சுட்டேன். பாஸ் கேட்டீங்களா? ஜன்னல்லாம் ஆடுது."

"பழசு எங்கே?"

"பழசா?" என்றார், செத்த எலியைத் திருப்பிக் கேட்டதைப்போல.

எரிந்தது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில் மட்டும்தான். காயிலைப் புதிதாகச் சுற்றிவிடலாம். அந்தக் காந்தமும் சட்டகமும் கோனும் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும் என் இடது பெட்டிக்கு ஜோடியாகாது. இதை நிதானமாகச் சொன்னேன். அவரும் நிதானமாகக் கேட்டார்.

"கடைக்காரன் வச்சுகினானா, மச்சான் எங்கனா போட்டானா, தெரில சார். இன்னா சார் நீங்க, புதுசு குடுத்தா பழசைக் கேட்டு பேஜார் பண்றீங்க? எழுதிக் குடுங்க, கமிட்டில வச்சுப் பேசிக்கலாம்."

எழுதிக் கொடுத்தேன். ஒரே கேள்வி: பழைய ஸ்பீக்கர் எங்கே? உறுப்பினர் கடிதத்துக்குப் பதினைந்து நாளில் பதில் தரவேண்டும் என்பதும் துணைவிதிதான். அதையும் நான்தான் எழுதினேன். கெடு முடிந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். மேற்கு தாம்பரத்தில் கார் ஆடியோ கடைகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். மச்சான் மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. போன் செய்தால் தூங்குகிறார் அல்லது வண்டி ஓட்டுகிறார். நான் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் காந்தம் ஏதோ ஒரு காயலான் கடையின் தராசை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது.

திருடியிருந்தால் போலீசில் புகார் எழுதலாம். உடைத்துவிட்டு மறைத்திருந்தால் சபையில் வைத்துக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு பாழாக்கியவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது? மாடியில் துணி உலர்த்தப் போய்வந்த மனைவி சொன்னாள்: "எல்லாரும் அவரைத்தான் பாராட்டறாங்க. புதுசே போட்டுக் குடுத்துட்டாராம். உங்க வீட்டுக்காரர் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கார்னு என்னைக் கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பிறவியே அப்படின்னேன்."

ஐப்பசியில் மழை, அதனால் கமிட்டி கூடவில்லை. கார்த்திகையில் கூடியது, கோரத்துக்குத் தேவையான ஆட்கள் வரவில்லை. மார்கழியில் கோரம் இருந்தது, தண்ணீர் லாரிப் பிரச்சினையிலேயே கூட்டம் முடிந்தது. ஒவ்வொரு முறையும் சங்க அறை வாசலில் நின்று ஒரு நினைவூட்டலைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் பதில் வந்தது. முதல் பத்தியில் என் ஒத்துழைப்புக்கு நன்றி. இரண்டாவது பத்தியில், ஸ்பீக்கர்கள் இரண்டும் வெவ்வேறாக இருப்பதே என் மனக்குறை என்பதை உணர்ந்து, இடது பக்கத்தையும் அதே சிவப்பு மாடலுக்குச் சங்கச் செலவில் மாற்றித்தர எனக்குத் தெரியாமல் எப்போதோ கூடி ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். மூன்றாவது பத்தியை அப்படியே தருகிறேன்: "தாங்கள் கோரிய பழைய ஸ்பீக்கர் இத்தனை நாளும் சங்க அறையிலேயே, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது தெரியவந்தது. பண்டிகையை முன்னிட்டு நேற்று அறையைச் சுத்தம் செய்தபோது, ஏனைய கழிவுகளுடன் அது குப்பை வண்டியில் அனுப்பப்பட்டுவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. பதில் என் கைக்கு வந்தது போகியன்று காலை.