கோட்டைத் தாண்டிப் போன எஸ்தர் அக்கா

காலை ஷிஃப்ட்டுக்காக ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் அக்காவின் மகள் ஜெபாவிடமிருந்து போன் வந்தது. "சித்தி, அம்மா போயிட்டாவ" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அக்கா வீடு இருக்கும் மம்சாபுரத்துக்குப் பஸ் பிடித்தேன். எஸ்தர் அக்கா சிறுநீரகம் பழுதாகி, மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தது மில்லில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் என்று நாம் யாரும் நினைக்கவில்லை.

நூற்பாலையில் அக்காவும் நானும் அடுத்தடுத்த மெஷினில் நின்றவர்கள். அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும். மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அவர் கணவர் ஞானராஜ் அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது மகள் ஜெபா ஆறாம் வகுப்பில் இருந்தாள். லீவில் மட்டும் வந்துபோன அப்பா ஒரேயடியாக வீட்டுக்கு வந்ததும் பிள்ளை மிரண்டுவிட்டாள். அவர் முன்னறையில் இருந்தால் இவள் அடுப்படியில் இருப்பாள். "மாரி, ஒரே வீட்டுல ரெண்டு பேரும் விருந்தாளி மாதிரி இருக்காவ" என்று அக்கா என்னிடம் வருத்தப்படுவார்.

அண்ணன் பட்டாளத்தில் வாலிபால் ஆடியவர். அக்காதான் ஒரு பந்து வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டி, அப்பாவையும் மகளையும் ஆளுக்கொரு பக்கம் நிற்கச் சொன்னார். முதல் சில நாள் பேச்சே இல்லை, பந்து மட்டும் போய்வந்தது. பிறகு சண்டை வந்தது, சிரிப்பு வந்தது. அப்பாவைப் போலவே ஜெபாவும் பேசும்போது கையை ஆட்டுகிறாள் என்று அக்கா மெஷினுக்கு முன்னால் நின்று நடித்துக் காட்டுவார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அந்த வருஷம்தான்.

ஜெபா பள்ளி அணிக்குப் போனாள், பிறகு மாவட்ட அணிக்கு. விளையாட்டு ஒதுக்கீட்டில் அவள் போலீஸ் வேலைக்குப் போய்விடுவாள் என்று அண்ணன் நம்பத் தொடங்கினார். நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற யாருக்கும் வரக்கூடிய ஆசைதான். ஆனால் அவள் தோற்றுவிட்டு வந்தால் அவர் சாப்பிடாமல் படுத்துவிடுவார். தட்டில் சோறு வைத்தால், "அவளயே திங்கச் சொல்லு" என்பார். "அவ ஜெயிச்சாத்தான் எங்க வீட்டுல சோறு எறங்குது" என்று அக்கா ஒருநாள் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் நடந்தது. அக்காவோடு நானும் போயிருந்தேன். ஜெபாவின் முழங்கால் அதற்கு முன்பே வீங்கியிருந்தது. ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அண்ணன் இறுக்கமாகக் கட்டுப் போட்டு, "பல்லக் கடிச்சிட்டு ஆடிரு" என்று அனுப்பினார். பாதி ஆட்டத்தில் எகிறி அடித்துவிட்டுக் கீழே வந்தவள் அப்படியே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். "ஒண்ணுமில்ல, நிமிரு" என்று ஓரத்திலிருந்து அண்ணன் சத்தம் கொடுத்தார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

பக்கத்தில் இருந்த அக்கா எழுந்தார். காலில் செருப்போடு ஆடுகளத்தின் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். நடுவர் விசில் ஊதியும் திரும்பவில்லை. மகளின் கையைப் பிடித்து, "வா, போவோம்" என்றார். "விடுங்கம்மா" என்று ஜெபா அழுதாள். "ஏட்டி, அவ வாழ்க்கையக் கெடுக்காத" என்று அண்ணன் ஓடி வந்தார். அக்கா அவரிடம் ஒன்றுதான் சொன்னார். "அவ நடக்கணும்ங்க."

சவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஜெபா நன்றாக நடந்தாள், ஆனால் ஆட்டம் அதோடு முடிந்தது. அண்ணன் கோபித்துக்கொண்டு சேத்தூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஜெபா வீட்டில்தான் இருந்தாள். அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா உள்ள வராம இருந்தா எனக்கு எடம் கெடச்சிருக்கும் சித்தி" என்று என்னிடம் சொன்னாள். "பந்தக் குடுத்து ரெண்டு பேரையும் சேத்து வச்சதும் நாந்தான், மூணு பேரா பிரிச்சதும் நாந்தான்" என்று அக்கா சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அக்கா நோயில் படுத்த பிறகுதான் அண்ணன் திரும்பி வந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது அப்பாவும் மகளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். "ஏதாவது பேசுங்களேன்" என்றார் அக்கா. "சாப்டியா?" என்று அண்ணன் கேட்டார். "ம்" என்றாள் ஜெபா. அவ்வளவுதான். அக்கா விடாமல், "சரி, வாலிபாலப் பத்தியாவது பேசுங்க" என்றார். அவளோடு ஆடிய ஒரு பெண் இப்போதும் ஆடுகிறாளா என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஜெபா பதில் சொன்னாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அது நிம்மதியா வேதனையா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் டீ வாங்கப் போன நேரத்தில், அன்றைக்கு உள்ளே போனது சரிதானா என்று அக்காவிடம் கேட்டேன். "சரியா தப்பான்னு இப்பவும் தெரியலட்டி. அவ மொகத்தப் பாத்தேன், எந்திரிச்சுப் போயிட்டேன். அம்புட்டுதான்" என்றார்.

அடக்கத்தின்போது அப்பாவும் மகளும் சேர்ந்து நின்றார்கள். திரும்பும்போது தனித்தனி வண்டியில் போனார்கள். அந்த வீட்டில் இனி யார் பேச்சைத் தொடங்கி வைப்பார் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அக்காவைத் தெரிந்தவர்கள் அவ்வப்போது அந்தப் பக்கம் போய்வாருங்கள்.

என் மகள் இப்போது பள்ளியில் கபடி ஆடுகிறாள். அக்காவுக்கு இருந்த துணிச்சல் எனக்கு உண்டா என்று தெரியாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். புள்ளிப் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். போன வாரம் ஆட்டம் முடிந்து வந்தவள் கோபமாகக் கேட்டாள்: "ஆட்டத்தப் பாக்காம எம்மூஞ்சியவே ஏம்மா பாத்துக்கிட்டு இருக்க?"